முள் பொய் சொல்லுமா பாஸ்?

உங்க வீட்டுல ஏதாவது ஒரு பழைய சாமான் இருக்கும். யாரும் யூஸ் பண்ண மாட்டாங்க. தூக்கியும் போட மாட்டாங்க. கிரைண்டர், டேப் ரெக்கார்டர், கை தையல் மெஷின்னு ஏதோ ஒண்ணு. எங்க குரோம்பேட்டை வீட்டுல அது ஒரு கார். 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தாத்தாவுடையது.

ஹெரால்டு பார்த்திருக்கீங்களா? அம்பாசடர் மாதிரி குண்டு கிடையாது. ரெண்டே கதவு. முன்பக்கம் பானெட், மட்கார்டு எல்லாம் சேர்ந்து அப்படியே முன்னாடி கவிழ்ந்து திறக்கும், எஞ்சினும் டயரும் மொத்தமா வெளியே தெரியும். மிக்கலோட்டினு ஒரு இத்தாலிக்காரர் வரைஞ்ச டிசைன். இங்கிலாந்துல 1959-ல ட்ரையம்ஃப் ஹெரால்டுனு வந்தது, 1961-ல இருந்து நம்ம மெட்ராஸ்லயே ஸ்டாண்டர்டு ஹெரால்டா ஓட ஆரம்பிச்சது. ஆமா, நம்ம ஊர் கார்! வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்தது அந்த ஃபேக்டரி. 1988-ல மூடிட்டாங்க. தினமும் காலேஜ் பஸ்ல அந்த வழியாத்தான் போறேன். இயர்போன் மாட்டிக்கிட்டு ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. (நான் ட்ரிபிள் ஈ, தேர்டு இயர். 'மெஷர்மென்ட்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன்' பேப்பர்ல ஒரு அரியர் இருக்கு. இந்தத் தகவல் பின்னாடி தேவைப்படும், ஞாபகம் வெச்சுக்கோங்க.)

கதைக்கு வர்றேன்.

2023 மார்ச். எனக்கு ப்ளஸ் டூ பரீட்சை நடந்துக்கிட்டு இருந்தது. தாத்தாவும் பாட்டியும் செங்கல்பட்டுல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு ஹெரால்டுல திரும்பி வந்தாங்க. கூடுவாஞ்சேரி பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டுல, மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல, வண்டி நின்னுடுச்சு. பெட்ரோல் காலி. பின்னாடி வந்த லாரி ஒரு அடி இடைவெளியில பிரேக் அடிச்சிருக்கு. அப்பா பைக்ல பெட்ரோல் எடுத்துக்கிட்டு ஓடினார். போய் சாவியைத் திருப்பினா முள் 'ஈ'யில படுத்திருக்கு. அப்பா கத்தினார். "முள் எம்ட்டியில கிடக்கு, அதைக்கூடப் பார்க்காமலா ஓட்டினீங்க?"

தாத்தா சொன்னது ஒரே வார்த்தைதான். "ஃபுல் காட்டுச்சுடா."

வீட்டுக்கு வந்ததும் சாவி அப்பாவோட பீரோவுக்குப் போயிடுச்சு. எழுபத்தெட்டு வயசு, கண்ணு தெரியலை, ஞாபகம் இல்லை, ஒத்துக்கவும் மாட்டேங்கிறார்... இப்படி ஆளாளுக்கு ஒண்ணு சொன்னோம். ஆமாங்க, சொன்னோம். நானும்தான். "தாத்தா, ஃபுல்லுக்கும் எம்ட்டிக்கும் நடுவுல ரெண்டு இஞ்ச் இருக்கு. கண்ணாடிக் கடை நம்பர் தரட்டுமா?"னு கேட்டேன். வீடே சிரிச்சது. தாத்தாவும் கொஞ்சம் சிரிச்சார். அதுக்கப்புறம் அவர் வண்டி ஓட்டலை. அந்த நவம்பர்ல போயிட்டார்.

கட் பண்ணினா, இந்த வருஷம் செமஸ்டர் லீவு.

வண்டியை வித்துடலாம்னு அப்பா முடிவு பண்ணினார். பழைய கார் சேர்க்குற ஒருத்தர் வந்து பார்த்துட்டும் போனார். ரெண்டு வருஷமா டேங்க்ல கிடந்த பெட்ரோல் கெட்டுப்போயிருக்கும்னு அப்பாவே அதை முழுக்க வடிச்சு எடுத்தார். பேட்டரி போட்டு ஹார்ன் அடிக்குதா, லைட் எரியுதானு பார்க்கிற வேலை எனக்கு. சாவியைத் திருப்பினேன்.

முள் துள்ளிக் குதிச்சு 'எஃப்'ல போய் நின்னுச்சு.

"அப்பா, டேங்க் ஃபுல்லா இருக்கே?"

"அதுல ஒரு சொட்டு கிடையாது. இப்பத்தானே வடிச்சேன்?"

ரெண்டு பேரும் முள்ளையே பார்த்துக்கிட்டு இருந்தோம். பின்னாடி டிக்கி திறந்தே இருந்தது. அப்பா ஒண்ணும் பேசாம போய் அதைச் சாத்தினார். பழைய டிக்கி, சும்மா சாத்தினா பூட்டாது, 'படார்'னு அடிக்கணும். அடிச்சார். முள் அப்படியே சரிஞ்சு 'ஈ'க்கு வந்துடுச்சு.

எனக்கு வயிறு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உள்ளே ஓடினேன். பாட்டி வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. "பாட்டி, அன்னிக்கு வண்டி நின்னப்போ தாத்தா என்ன பண்ணாரு?"

"என்ன பண்ணாரு... டிக்கியைத் திறந்து டேங்கைத் தட்டிப் பார்த்தாரு. பெட்ரோல் இல்லேன்னு தெரிஞ்சதும் கோவத்துல படார்னு சாத்தினாரு. அப்புறம் உங்கப்பன் வந்தான்."

"முள்?"

"ஃபுல்லுலதான்டி இருந்தது. நானும்தானே முன்சீட்டுல உக்கார்ந்திருந்தேன்?"

"அதை ஏன் பாட்டி அன்னிக்கே சொல்லலை?"

பாட்டி வெங்காயத்துல இருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "என்னை யாரு கேட்டீங்க?"

அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட சொன்னேன், வண்டி விக்கிறதுக்கு முன்னாடி அந்த முள்ளை நான் சரி பண்றேன்னு. அப்பா வேணாம்னும் சொல்லலை, சரினும் சொல்லலை. சாவியை மேஜையில வெச்சுட்டுப் போனார்.

இப்போ கொஞ்சம் டெக்னிக்கல். தூங்கிடாதீங்க, ரெண்டு நிமிஷம்தான். பெட்ரோல் டேங்க்குக்குள்ள ஒரு மிதவை இருக்கு. நம்ம ஓவர்ஹெட் டேங்க்ல பந்து மிதக்குமே, அதே கதை. மிதவையோட கைப்பிடிக் கம்பி ஏறி இறங்கும்போது, அதோட இன்னொரு முனை ஒரு மெல்லிய கம்பிச் சுருள் மேல தேய்ச்சுக்கிட்டே நகரும். சுருள்ல எவ்வளவு தூரம் கரன்ட் போகுதோ அவ்வளவு ரெசிஸ்டன்ஸ். அதை வெச்சு டேஷ்போர்டுல முள் நகரும். டேங்க்ல மாட்டியிருக்குற இந்தச் சமாச்சாரம் முழுக்கச் சேர்த்து மெக்கானிக்குகள் பாஷையில 'டேங்க் யூனிட்'. ஹெரால்டுல டேங்க் டிக்கிக்குள்ளயே ஒரு ஓரமா நிக்கிறதால கார் அடியில படுத்துப் புரள வேண்டிய அவசியம் இல்லை. சென்னை வெயிலுக்கு அது பெரிய வரம்.

காலேஜ் லைப்ரரியில ஒரு பழைய ஆட்டோமொபைல் புத்தகம் எடுத்து, அதுல போட்டிருந்த டெஸ்ட்டை அப்படியே செஞ்சேன். டேங்க் யூனிட்டுக்குப் போற வயரைக் கழற்றினா முள் எம்ட்டிக்கு வரணுமாம். அதே வயரைக் கார் பாடியில தொட்டா ஃபுல்லுக்குப் போகணுமாம். நான் கழற்றினேன். முள் ஃபுல். பாடியில தொட்டேன். எம்ட்டி. எல்லாமே தலைகீழ்! மீட்டர்தான் அவுட்னு தீர்ப்பு எழுதி, டேஷ்போர்டைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரும் எடுத்தாச்சு.

நல்லவேளை, அதுக்கு முன்னாடி பாய்கிட்ட போனேன். ஸ்டேஷன் பக்கத்துல ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை. தாத்தா காலத்துல இருந்து எங்க வண்டிக்கு அவர்தான். நான் நீட்டி முழக்கிச் சொன்னதை எல்லாம் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சாவி போட்டதும் முள்ளு துள்ளுதா பாப்பா, மெதுவா ஏறுதா?"

"துள்ளுது பாய்."

"அப்ப உன் புக்கு வேற மீட்டருக்கு."

சத்தியமா அந்த ஒரு வரிக்கு அவருக்கு டாக்டர் பட்டம் கொடுக்கலாம். பழைய கார்கள்ல ரெண்டு ஜாதி மீட்டர் உண்டு. ஒண்ணு, கரன்ட்டுல சூடாகி வளையுற ரெட்டை உலோகப் பட்டையால முள்ளை நகர்த்துறது. அது சூடாகணும் இல்லையா, அதனால முள் சோம்பேறித்தனமா ஏறும். வோல்டேஜ் ஏறி இறங்கினா தப்பாக் காட்டும்கிறதால அதுக்குத் தனியா ஒரு ஸ்டெபிலைசரும் வேணும். இன்னொண்ணு, ரெண்டு காந்தச் சுருள்கள் ஆளுக்கொரு பக்கம் முள்ளை இழுக்குறது. இது சட்டுனு துள்ளும். வோல்டேஜ் மாறினாலும் ரெண்டு சுருளுமே ஒரே அளவு பாதிக்கப்படுறதால முள் ஏமாறாது. ஸ்டெபிலைசரே தேவையில்லை. என்ன ஒரு ஐடியா பாருங்க! எங்க வண்டியில இருக்குறது இது. இந்த ரெண்டாவது ஜாதியில வயர் விட்டுப்போனா முள் ஃபுல்லுக்குப் போகும். முதல் ஜாதியில அதே கோளாறுக்கு எம்ட்டி காட்டும்.

அதாவது, எம்ட்டினு பொய் சொல்ற மீட்டரா இருந்திருந்தா தாத்தா ஒரு தடவை கூடுதலா பங்க்குக்குப் போயிருப்பார், அவ்வளவுதான். எங்க வண்டியில இருந்தது ஃபுல்னு பொய் சொல்ற ஜாதி.

மூவிங் அயர்ன் இன்ஸ்ட்ருமென்ட், டிஃப்ளெக்டிங் டார்க்... எல்லாம் என் அரியர் பேப்பர்ல வந்த கேள்விதான். பதினாறு மார்க். அதை நான் படம் கூட வரையாம விட்டுட்டு வந்தேன்.

கிளம்பும்போது பாய் கேட்டார், "பெரியவர் ஒரு தடவை பஸ்ல வந்து சொன்னாரே, முள்ளு மக்கர் பண்ணுதுனு. வண்டியைக் கொண்டாங்கனு சொன்னேன். வண்டி வரவே இல்லையே?"

என்ன பதில் சொல்ல? "சாவி அப்பாகிட்ட இருந்தது பாய்"னு மட்டும் சொன்னேன்.

அடுத்த ஒரு வாரம் டிக்கிதான் எனக்கு லேப். முதல்ல, டேங்க்குக்கு எர்த் சரியில்லையோனு சந்தேகம். தனியா ஒரு வயர் எடுத்து டேங்க் யூனிட் தகட்டுக்கும் பாடிக்கும் கொடுத்துப் பார்த்தேன். பலனில்லை. டிக்கியைத் தட்டினா மட்டும் முள் ஆடுது. அப்போ கோளாறு உள்ளே.

கழற்றணும்னா முதல் வேலை பேட்டரி ஒயரைக் கழற்றுறது. இதை பாய் மூணு தடவை சொன்னார். நிறைஞ்ச டேங்க்கை விட காலி டேங்க் ஆபத்து, ஏன்னா உள்ளே பூரா ஆவி. ஒரு பொறி போதும். நீங்க ட்ரை பண்றதா இருந்தா இந்த ஒரு விஷயத்துல மட்டும் ஹீரோயிசம் காட்டாதீங்க, ப்ளீஸ். வண்டியை வெட்டவெளியில நிறுத்தி, பக்கத்து வீட்டு அங்கிளோட சிகரெட்டையும் அணைக்கச் சொல்லி (முறைச்சார்), ஒவ்வொரு ஸ்க்ரூவா கழற்றினேன். ஒரு ஸ்க்ரூ துருப்பிடிச்சு அசையவே இல்லை. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருந்தேன். மறுநாள் காலையில, மிதவைக் கம்பியை வளைக்காம ஆங்கிள் பார்த்துச் சாய்ச்சு, ஆபரேஷன் தியேட்டர்ல குழந்தையை எடுக்கிற மாதிரி வெளியே எடுத்தேன்.

உள்ளங்கையில அடங்குற சாமான். இதுக்காடா இவ்வளவு பேச்சு வாங்கினார் மனுஷன்னு தோணிச்சு.

மல்டிமீட்டரை வெச்சேன். மிதவை கீழே இருந்தப்போ 3 ஓம். மெதுவா மேலே தூக்கினேன். 20, 35, 50... ஒழுங்கா ஏறுது. கம்பியை லேசா பக்கவாட்டுல ஆட்டினேன். மீட்டர்ல ரீடிங்கே இல்லை. ஓப்பன். திரும்ப ஆட்டினா வந்துடுச்சு. சுருள் அறுந்திருக்கும்னு நினைச்சு லென்ஸ் வெச்சுப் பார்த்தா சுருள் முழுசா இருக்கு. கம்பி திரும்புற அச்சு இருக்கு பாருங்க, அந்தச் சின்ன ரிவெட், அதுலதான் விஷயம். நகரும் கையில இருந்து தகட்டுக்குக் கரன்ட் போக அந்த அச்சு ஒண்ணுதான் வழி. ஐம்பத்தொன்பது வருஷத்துல அது தேய்ஞ்சு லூசாகி, இடுக்குல பச்சையா களிம்பு பிடிச்சிருந்தது. தொட்டா உண்டு, தொடலைன்னா இல்லை. ரோட்டுல ஒரு குழி, டிக்கியில ஒரு அடி... அவ்வளவுதான், தொடர்பு போகும், இல்லைன்னா வரும்.

புதுசு கிடைக்குமானு புதுப்பேட்டைக்குப் போனேன். அந்தத் தெருக்கள்ல இல்லாத பாகமே இல்லைம்பாங்க. ஹெரால்டுனு சொன்னதும் ரெண்டு கடைக்காரங்க சிரிச்சாங்க. மூணாவது கடைக்காரர் வேற ஒரு காரோட யூனிட்டை எடுத்து, "எல்லாம் ஒண்ணுதாம்மா, மாட்டிக்கோ"ன்னார். நான் பையில இருந்து மல்டிமீட்டரை எடுத்தேன். (அந்த நிமிஷம் என் கெத்தை நீங்க பார்த்திருக்கணும்!) அதுல மிதவை கீழே இருக்கும்போது ரெசிஸ்டன்ஸ் அதிகம், மேலே போனா குறையுது. எங்க மீட்டருக்கு அது நேர் எதிர். மாட்டியிருந்தா பெட்ரோல் தீரத் தீர முள் ஃபுல்லை நோக்கி ஏறியிருக்கும்!

ஆக, பழசையே பிழைக்க வைக்கணும். பாய் வழி சொன்னார். அச்சை நம்பாதே, அதுக்கு ஒரு துணை கொடு. நகரும் கையில இருந்து தகட்டுக்கு, முடி மாதிரி மெல்லிய பின்னல் செம்புக் கம்பி ஒண்ணைத் தொங்கலா சால்டர் வெச்சுட்டா, அச்சு தொட்டாலும் தொடாட்டாலும் கரன்ட் போகும். கேட்க ஈஸி. யூனிட்டை ரெண்டு நாள் மொட்டை மாடியில வெயில்ல காயவெச்சு, பெட்ரோல் வாசனை சுத்தமா போனப்புறம்தான் சால்டரிங் அயர்னையே எடுத்தேன். முதல் தடவை கம்பி ரொம்பக் குட்டையா போய் மிதவை பாதியிலேயே நின்னுடுச்சு. ரெண்டாவது தடவை ஈயம் உள்ளே வழிஞ்சு அச்சே இறுகிடுச்சு. அழுகை வந்தது. அப்பா மாடிக்கு வந்து பார்த்தார். ஒண்ணும் சொல்லாம டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வெச்சுட்டுப் போனார். மூணாவது தடவை ஒட்டிச்சு.

மிதவையையும் விடலை. பித்தளை டப்பா மாதிரி இருக்கும். ஊசித் துளை இருந்தா உள்ளே பெட்ரோல் புகுந்து மூழ்கிடும். அடுப்பை அணைச்சுட்டு வெந்நீர்ல அமுக்கிப் பிடிச்சேன். துளை இருந்தா உள்ளே காத்து சூடாகி குமிழ் வரும். வரலை. பாஸ்! சுருள் மேல தேயுற முனையை மட்டும் துளி வளைச்சு, தேயாத இடத்துல உரசுற மாதிரி தள்ளிவிட்டேன். கேஸ்கெட்டுக்கும் யோசிக்கணும். இப்போ பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவிகிதம் வரை எத்தனால், பழைய காலத்து ரப்பருக்கும் அதுக்கும் ஆகவே ஆகாது. அதனால எத்தனால் தாங்குற ஷீட் வாங்கி, பழைய கேஸ்கெட்டை மேலே வெச்சு பேனாவால வரைஞ்சு பிளேடால வெட்டினேன். ட்ராயிங் கிளாஸ்ல கத்துக்கிட்டது வீண் போகலை.

இதுக்கு நடுவுல கார் வாங்குறவர் அப்பாவுக்கு ரெண்டு தடவை போன் பண்ணினார். ரெண்டு தடவையும் அப்பா, "பொண்ணு வேலை பார்த்துக்கிட்டு இருக்கா சார், முடியட்டும்"னார்.

முந்தாநாள் சாயங்காலம் டெஸ்ட். அப்பா டிரைவர் சீட்டுல. முன்சீட்டுல பாட்டி, யாரும் கூப்பிடாமலேயே புடவை மாத்திக்கிட்டு வந்து உட்கார்ந்துட்டாங்க. நான் பின்னாடி. கேன்ல இருந்த கொஞ்சூண்டு பெட்ரோல்ல பங்க் வரைக்கும் ஓட்டிட்டுப் போனோம். முள் 'ஈ'யில ஒட்டிக்கிட்டு இருந்தது.

"அஞ்சு லிட்டர் போடுங்க தம்பி." போட்டார். அப்பா சாவியைத் திருப்பினார். முள் துள்ளி, கால்வாசிக்குக் கொஞ்சம் கீழே நின்னுச்சு. "இன்னும் அஞ்சு." பாதிக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. "இன்னும் அஞ்சு." பங்க் தம்பி கடுப்பாயிட்டார். "சார், எவ்வளவு வேணும்னு மொத்தமா சொல்லிடுங்களேன்!" பின்னாடி ஒரு ஆட்டோக்காரர் ஹார்ன். நான் இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து, என் பலம் மொத்தத்தையும் சேர்த்து படார்னு சாத்தினேன். "என்னங்கம்மா பண்றீங்க?"னு பங்க் தம்பி பதறிட்டார். ஓடி வந்து எட்டிப் பார்த்தேன்.

முள் அசையலை. பாதிக்கு மேல ஒரு கோடு, அதே இடம்.

அப்பா வண்டியை ஓரமா நிறுத்தினார். டேஷ்போர்டு அறையைத் திறந்து எதையோ தேடி எடுத்தார். தாத்தாவோட பெட்ரோல் நோட்டு. தேதி, கிலோமீட்டர், லிட்டர்னு ஒரு பள்ளிக்கூட நோட்டுல வரிசையா எழுதி வெச்சிருப்பார். அது அங்கே இருக்குனு எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. எடுத்த எடுப்புல கடைசிப் பக்கத்தைத் திறந்தார். 2023 மார்ச் தேதி. பக்கத்துல பென்சில்ல, தாத்தாவோட சாய்ஞ்ச கையெழுத்துல: 'கூடுவாஞ்சேரியில் நின்றது. முள் ஃபுல். பாயிடம் காட்டவும்.'

அதுக்குக் கீழே மீதிப் பக்கம் வெள்ளையா இருந்தது.

"பேனா இருக்கா?"னு அப்பா கேட்டார். கொடுத்தேன். பங்க் வெளிச்சத்துல நோட்டை ஸ்டீயரிங் மேல வெச்சு, கோடு தப்பாம எழுதினார். தேதி. கிலோமீட்டர். 15 லி. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடிச்சுக்கிட்டே இருந்துட்டு, பக்கத்துல 'மீட்டர் சரி'னு எழுதினார்.

"கண்ணாடி போட்டுக்கிட்டு எழுதுடா, கோணிக்கப் போகுது"ன்னாங்க பாட்டி.